டோக்கன் வாங்கிட்டு லாரி ஏத்துடா பேராண்டி

இன்னா நைனா, நேத்து ஃபோன்ல நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாம, தூக்கம் வருதுன்னு வெச்சிட்டேன்னு கோவமா? ஐதராபாத்துல ஏ.சி. போட்ட ரூம்புல அஞ்சு இன்ஜினீருங்க குந்திக்கினு முடிவு பண்ண முடியாத விஷயத்தை, பங்காருபாளையத்துல மாந்தோப்புக்குத் தண்ணி கட்டிக்கினு கிடக்கிற கிழவன்கிட்ட கேக்கிறீங்க. ஒண்ணு உங்களுக்குப் புத்தி வந்திருக்கணும், இல்ல பணம் தீர்ந்திருக்கணும். எது வந்தது, எது தீர்ந்ததுன்னு நான் கேக்க மாட்டேன். பெரியவங்களுக்குன்னு ஒரு மரியாதை கீது இல்ல.

உன் கேள்வி இதுதான். நிண்டெண்டோக்காரன் ஸ்விட்ச் 2ன்னு புது மெஷின் விட்டுகீறான். வந்த புதுசுல கேட்ட எடத்துல கிடைக்கல. நம்ம நாட்டுல அவனுக்கு நேரடி விக்கிரயமே இல்ல. துபாய்க்குப் போயிட்டு வர்றவன் பொட்டியில வந்தாத்தான் உண்டு. இப்படி ஆளு கையில சிக்காத மெஷினுக்கு, வெளி ஆளுங்க நீங்க மெனக்கெட்டு ஆட்டம் பண்ணலாமா, இல்ல நாடு பூரா மெஷின் பரவட்டும்னு பொறுக்கலாமா? உன் பார்ட்னர் ஒருத்தன் 'மெஷினே இல்ல, யாருடா வாங்குவான்'ங்கிறான். இன்னொருத்தன் 'தட்டுப்பாடுன்னா கிராக்கி, முதல்ல பூந்துடலாம்'ங்கிறான். ரெண்டு பேரும் நல்லாப் படிச்ச புள்ளைங்கதான், அதனாலதான் ரெண்டு பேரும் மெஷினையே பார்த்துக்கினு கீறாங்க.

அந்த மெஷின் கடைக்கு வந்தது 2025 ஜூன் 5. நாலே நாள்ல 35 லட்சம் வித்துப் போச்சுன்னு கம்பெனியே சொல்லிச்சு. ஜப்பான்ல அதுக்குக் குலுக்கல் போட்டாங்களாம். 22 லட்சம் பேர் பேரு குடுத்தாங்க. பேரு குடுக்கவே தகுதி வேணும்: பழைய மெஷின்ல அம்பது மணி நேரம் ஆடியிருக்கணும், ஒரு வருஷம் சந்தா கட்டியிருக்கணும். நம்ம பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல நிக்கிறவனை இவ்ளோ கேட்டதில்ல.

அதே வாரம் இங்க இன்னா நடந்துச்சு தெரியுமா? ஜூன் 7ஆம் தேதி சித்தூர் கலெக்டர் உத்தரவு போட்டாரு, கர்நாடகா தோதாபுரி மாங்கா ஜில்லாவுக்குள்ள வரக் கூடாதுன்னு. கர்நாடகா முதலமைச்சர் சித்தராமையா நம்ம சந்திரபாபுவுக்கு லெட்டரே எழுதினாரு. ஏன் அந்த உத்தரவு? இங்க விளைஞ்ச காய்க்கே போக்கிடம் இல்ல. ஜூஸ் ஃபேக்டரிங்கள்ல பழைய கூழே விக்காம நிக்குது. கிலோவுக்கு ஃபேக்டரி 8 ரூபா, சர்க்கார் 4 ரூபா, ஆக 12 ரூபான்னு அறிவிச்சாங்க. அறிவிச்சாங்கன்னுதான் சொல்றேன். ஜப்பான்ல ஜனம் வரிசையில நின்னுச்சு. சித்தூர்ல மாங்கா வரிசையில நின்னுச்சு.

இப்ப நான் சொல்றதை மனசுல வெச்சுக்கோ. கன்சோல் கம்பெனிதான் ஜூஸ் ஃபேக்டரி. நீங்க வெளியில தோப்பு வெச்சிருக்கிற விவசாயி. ஃபேக்டரிக்காரனுக்குச் சொந்தத் தோப்பும் கீது. கேட்டுல லாரி நூறு நின்னாலும் அவன் தோப்புக் காய் பின்வாசல் வழியா உள்ள போயிடும், அதை நீ கேக்க முடியாது. உனக்கு டோக்கன் குடுத்தாத்தான் லாரி உள்ள போகும். டோக்கனுக்குத்தான் நீங்க டெவ் கிட்டுன்னு இங்கிலீஷ்ல பேரு வெச்சிருக்கீங்க. உள்ள போனதும் காயை வெட்டிப் பார்ப்பான், அதுக்குப் பேரு லாட்செக். எல்லாம் முடிஞ்சு வித்த காசுல நூத்துக்கு முப்பது கமிஷன் புடிச்சிக்குவான். இதுல ஃபேக்டரி பெருசா சிறுசாங்கிறது உனக்கு மூணாவது கவலை.

சொந்தத் தோப்புன்னு சும்மா சொல்லல. 2025 செப்டம்பர் முடிய அந்த மெஷின் 1 கோடியே 3 லட்சம் வித்துகீது. அவனோட சொந்த ஆட்டம் மரியோ கார்ட் வேர்ல்டு 95 லட்சம். பாதிக்கு மேல மெஷினோட சேர்த்துக் கட்டி வித்ததாவே இருக்கட்டும். மெஷின் வாங்கி வந்தவன் முதல் மாசம் எந்த ஆட்டத்துல உக்காந்திருப்பான்னு உனக்குத் தெரியாதா? மீதி இருக்கிற நேரமும் காசும்தான் வெளி ஆளுங்களுக்கு. அதுல பெரிய கம்பெனிங்க முந்திக்குவாங்க. அப்புறமாத்தான் ஐதராபாத்து.

இதைக் கேட்டுட்டு 'சரி தாத்தா, பொறுத்துடுறோம்'னு ஃபோனை வெச்சிடாத. பொறுத்தவன் கதையும் கீது.

வெளி ஆளுங்கன்னு ஒரு ஜாதி பொறந்ததே 1979ல. அட்டாரி கம்பெனியில ஆட்டம் எழுதின நாலு பேரு, கோடிக்கணக்குல சம்பாதிச்சுக் குடுத்தும் பெட்டி மேல எங்க பேரைக் கூடப் போடலியேன்னு கோவிச்சுக்கினு வெளியில வந்து, ஆக்டிவிஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அட்டாரி கேஸ் போட்டுச்சு. கேஸு சமாதானத்துல முடிஞ்சது, கதவும் தொறந்துச்சு. 1982ல ஆக்டிவிஷனோட பிட்ஃபால் சக்கைப் போடு போட்டதைப் பார்த்து, ஊரு பூரா ஆட்டம் பண்ணக் கிளம்பிட்டான். ஓட்ஸ் விக்கிற க்வேக்கர் கம்பெனி ஆட்டம் போட்டுச்சு. நாய்த் தீனி விக்கிற ப்யூரினா ஆட்டம் போட்டுச்சு, அதுலயும் நாய் தீனி வண்டியைத் துரத்துது. அப்போ மெஷினுக்கு ஒரு குறையும் இல்ல, வீட்டுக்கு வீடு இருந்துச்சு. 1983ல மொத்த யாவாரமும் குப்புற விழுந்துச்சு. விக்காத சரக்கை அட்டாரி நியூ மெக்சிகோவுல அலமகார்டோங்கிற ஊர் குப்பைமேட்டுல கொண்டு போய்ப் பொதைச்சுது. 2014ல அதைத் தோண்டிப் பார்த்தாங்க, டப்பாவெல்லாம் அப்படியே கீது. மெஷின் நிறைய ஆவட்டும்னு காத்துக்கினு இருந்து வந்தவனெல்லாம் அந்தக் குழியிலதான் கீறான்.

இப்ப அதுக்கு எதிர்ப்பக்கம் வா. 2017 மார்ச் 3, முதல் ஸ்விட்ச் வந்துச்சு. அதுக்கு முந்தின மெஷின் வீ யூ, மொத்த ஆயுசுலயும் 1 கோடியே 35 லட்சம்தான் வித்துச்சு. அதுக்கு ஆட்டம் பண்ணிக் கையைச் சுட்டுக்கினவங்க எல்லாம், 'இவனை நம்பி இன்னொரு தபாவா'ன்னு தூரமா நின்னுட்டாங்க. கடையில மெஷினும் கிடைக்கல. அப்போ சின்ன ஆளுங்க கொஞ்சம் பேரு துணிஞ்சு உள்ள போனாங்க. பாரீஸ்காரங்க பண்ணின வண்டர் பாய்னு ஒரு பழைய ஆட்டத்தோட புது அச்சு. அது மத்த மெஷின் எல்லாத்துலயும் சேர்த்து வித்ததை விட ஸ்விட்ச்சுல அதிகமா வித்துச்சுன்னு அவங்களே சொன்னாங்க. ஸ்வீடன்காரன் ஸ்டீம்வேர்ல்டு டிக் 2ஐ ஸ்விட்ச்சுலதான் முதல்ல விட்டான், அவனுக்கும் அங்கதான் பெரிய அறுவடை. ஏன்னு யோசி. மெஷின் வாங்கினவன் காசோட கடைக்கு வர்றான், கடையில நாலு ஆட்டம்தான் கீது. உன் டப்பா அவன் கண்ணுக்குத் தெரியுது. ரெண்டு வருஷம் கழிச்சுப் போனா மெஷின் பத்து மடங்கு இருக்கும், உன் டப்பா மேல வேற டப்பா நூறு விழுந்து கிடக்கும். உன் தட்டுப்பாட்டுக் கணக்குல இது வரவே இல்லியே.

அப்போ ரெண்டாவது பார்ட்னர் சொன்னதுதான் சரியான்னு குதிக்கிறியா? குதிக்காத. நின்னு வீ கதையைக் கேளு.

2006 நவம்பர்ல வந்துச்சு நிண்டெண்டோவோட அந்த வீ. வெள்ளையா, கையில குச்சி மாதிரி ஒண்ணைப் புடிச்சு ஆட்டுறது. ரெண்டு வருஷம் அமெரிக்காவுல கடை கடையா ஏறி இறங்கினாலும் கிடைக்கல. 2007 முடியறப்போ மாசம் 18 லட்சம் தயார் பண்ணியும் பத்தல. கடைசியில 10 கோடிக்கு மேல வித்துச்சு. வெளி ஆளுங்க பாதிப் பேரு அதை விளையாட்டுச் சாமான்னு கேலி பண்ணிட்டு, மெனக்கெடாம ரெண்டாந்தரச் சரக்கை அனுப்பினாங்க. மெனக்கெட்டவங்களும் உண்டு. கேப்காம் பண்ணின ஜாக் அண்டு விக்கியைப் பத்திரிகைக்காரன் எல்லாம் தலையில தூக்கி வெச்சு ஆடினான், ஜனம் வாங்கல. சேகா விட்ட மேட்வேர்ல்டு, ரத்தம் தெறிக்கிற ஆட்டம், அதுவும் போணியாவல. ஆனா திருவிழா ராட்டினம், பந்தடின்னு கார்னிவல் கேம்ஸ்னு ஒண்ணு. விமர்சகன் காறித் துப்பினான், லட்சக்கணக்குல வித்துச்சு. 2009ல யூபிசாஃப்ட்டோட ஜஸ்ட் டான்ஸ், அதுக்கும் அதே யோகம்.

ஏன்னா அந்த மெஷினை வாங்கினது உன்னை மாதிரி ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கிற பையனுங்க இல்ல. பாட்டியும் பேத்தியும், நடுவீட்டுல பௌலிங் ஆடுறதுக்காக வாங்கினாங்க. அவங்க கையில போய் ரத்தக் களரியைக் குடுத்தா எவன் வாங்குவான்? எத்தினி மெஷின் கீதுன்னு எண்ணினவங்க தோத்தாங்க, யாரு வூட்ல கீதுன்னு பார்த்தவங்க தேறினாங்க. உங்க ஆட்டத்துல இன்னா கீது? நீ சொன்னது எனக்குப் புரிஞ்ச வரைக்கும், ஒருத்தன் குகையில நடக்கிறான், யோசிக்கிறான், அழுவுறான். அழுவட்டும். மரியோ கார்ட் வாங்கினவனுக்கு அழுவணும்னு ஆசை கீதான்னு ஒரு தபா விசாரி.

கம்பெனிக்காரன் பேச்சை நம்பறதுக்கு முன்னாடி, அவன் தன் சொந்தச் சரக்கை எங்க எறக்கறான்னும் பாரு. பிளேஸ்டேஷன் 5 நம்ம நாட்டுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2. 49,990 ரூபா. முன்பதிவு தொறந்து நிமிஷக் கணக்குல தீர்ந்துடுச்சு. அடுத்த வருஷம் பூரா இதே பாட்டுதான், 'ரீஸ்டாக்' தேதிக்கு அலாரம் வெச்சுக்கினு பசங்க ஃபோனைத் தேய்ச்சாங்க. அப்போ சோனி இன்னா பண்ணிச்சு? தன்னோட மூணு பெரிய ஆட்டம், ஹொரைசன், கிரான் டூரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ரக்னராக், மூணையும் 2022ல புது மெஷினோட பழைய மெஷினுக்கும் சேர்த்தே விட்டுச்சு. பழைய பிளேஸ்டேஷன் 4 பதினோரு கோடிக்கு மேல வெளியில கிடக்குது, அதை வுட்டுட்டு வர அவனுக்கே மனசு இல்ல. ஃபேக்டரி ஓனரே தன் காயை ரெண்டு பக்கமும் அனுப்பறான். உன் பார்ட்னர் மட்டும் புது மெஷினுக்கு 'எக்ஸ்க்ளூசிவ்'னு தாலி கட்டப் பார்க்கிறான்.

நம்ம ஊர்க்காரங்க கதை ஒண்ணு, நீ சின்னப் பையனா இருந்த காலத்துக் கதை, சொன்னா உன் ஆபீஸுல யாருக்கும் தெரியாது, பந்தயம் கட்டறேன். 2009. அப்போ ஐதராபாத்து நமக்கும் தலைநகரம். அங்க அவுரோனா டெக்னாலஜீஸ்னு ஒரு கம்பெனி, ஹனுமான் பாய் வாரியர்னு ஆட்டம் பண்ணிச்சு. முழுக்க இந்தியாவுல பண்ணின முதல் பிளேஸ்டேஷன் ஆட்டம்னு பேரு. எந்த மெஷினுக்கு? பிளேஸ்டேஷன் 3 வந்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. அதை வுட்டுட்டு, 2000ல வந்த பிளேஸ்டேஷன் 2க்குப் பண்ணாங்க. கேம்சாஸ்த்ரான்னு இன்னொரு ஐதராபாத்துக் கம்பெனியும் தேசி அட்டான்னு கபடி, பட்டம் எல்லாம் போட்டு அதே பழைய மெஷினுக்குத்தான் பண்ணிச்சு. நம்ம நாட்டுல கையில காசு இருந்தவன் வூட்ல இருந்தது அதுதான். கணக்கு சரி. ஆனா அனுமாரு ஆட்டம் நல்ல பேரு வாங்கல. சாமியை வெச்சு விளையாட்டான்னு வெளிநாட்டுல சில பேரு கோவிச்சுக்கினது தனி. ஆடினவனே முகம் சுளிச்சான். மெஷின் எத்தினி கோடி இருந்தாலும் காய் பழுக்கலன்னா அனுமாராலயும் தூக்க முடியாது.

அதுக்குப் பதினோரு வருஷம் கழிச்சுப் புனேவுல நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்னு சின்ன கூட்டம். ராஜின்னு ஒரு ஆட்டம். 2017ல ஜனங்ககிட்ட கிக்ஸ்டார்ட்டர்ல வசூல் பண்ணப் பார்த்தாங்க, சேரல. எப்படியோ இழுத்துப் புடிச்சு முடிச்சாங்க. 2020 ஆகஸ்ட்ல முதல்ல எங்க விட்டாங்க தெரியுமா? நம்ம நாட்டுல விக்கவே விக்காத ஸ்விட்ச்சுல. கொரோனா வருஷம், ஸ்விட்ச் உலகம் பூரா கிடைக்காமத் தவிச்ச வருஷம். மத்த மெஷினுக்கெல்லாம் அக்டோபர்லதான். பைத்தியக்காரத்தனம்னு தோணுதில்ல? ஆனா நிண்டெண்டோ தன் மேடையில ஏத்தி, 'இதோ இந்தியாவுல இருந்து ஒரு ஆட்டம், இன்னிக்கே வாங்கலாம்'னு உலகத்துக்குக் காட்டிச்சு. அந்த வருஷம் கேம் அவார்ட்ஸ்ல முதல் ஆட்டத்துக்கான பரிசுப் பட்டியல்ல பேரு வந்துச்சு. பரிசு கிடைக்கல, பரவால்ல. மெஷின் தட்டுப்பாட்டுல கூட அவங்களுக்குக் கிடைச்சது அந்த வெளிச்சம். அதை வெச்சு மத்த மெஷினுக்குப் போனாங்க.

அதனால டோக்கனைப் பத்தி யோசி. ஸ்விட்ச் 2க்கு டெவ் கிட்டு கேட்டுப் பல பேரு மாசக்கணக்குல கேட்டுலயே நிக்கிறாங்கன்னு 2025ல பேச்சு வந்துச்சு. சில பேரைப் 'பழைய ஸ்விட்ச்சுக்குப் பண்ணிக் குடு, புதுசுலயும் அது ஓடும்'னு சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. இதைக் கேட்டுட்டு உன் பார்ட்னருக்கு மானம் போயிடுச்சாம். நைனா, பழைய ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல வெளியில கீது. அதுக்குப் பண்ணினது புது மெஷின்லயும் ஓடுது. ஒரே லாரி, ரெண்டு ஃபேக்டரி. இதுல மானம் எங்க போச்சு, நான் தேடித் தரேன்.

டோக்கன் குடுக்காம வெளி ஆளை அலைய விட்டா கம்பெனிக்கும் கேடுதான், அதையும் மறந்துடாத. 1995 மே 11, சேகா கம்பெனி ஒரு மேடையில ஏறி, செப்டம்பர்ல வர வேண்டிய சாட்டர்ன் மெஷின் இன்னிக்கே கடைக்கு வந்துடுச்சுன்னு அறிவிச்சுது. வெளி ஆளுங்களுக்கே அது புது சேதி. அவங்க ஆட்டம் பாதி வேகாம கிடக்குது. மெஷின் கொஞ்சம், கடை கொஞ்சம், ஆட்டம் ரொம்பக் கொஞ்சம், விலை 399 டாலர். அதே நாள் சோனிக்காரன் மேடையில ஏறி '299'னு ஒரு எண்ணை மட்டும் சொல்லிட்டு இறங்கிட்டான். சேகா எந்திரிக்கவே இல்ல. வெளி ஆளு இல்லாம எந்த மெஷினும் ரொம்ப நாள் நிக்காது. மரியோ வெச்சிருக்கிறவன் கொஞ்சம் நாள் கூட நிப்பான், அவ்ளோதான். சோனி கூட 2023ல இந்தியா ஹீரோ ப்ராஜெக்ட்னு போட்டு, நம்ம பசங்களைத் தேடி வந்து காசும் குடுத்துச் சொல்லியும் குடுக்குதே, நம்ம மேல பாசம்னா நினைச்சே?

அதனால குனியாம பேசு. இன்னா பேசணும்னு கேக்கிறியா? முதல்ல, ஆட்டம் முடிஞ்சிடுச்சான்னு உங்களுக்குள்ளயே பேசுங்க. முடிஞ்ச ஆட்டத்தைப் புது மெஷினுக்குப் போர்ட் பண்றது வேற, புது மெஷினுக்குன்னே முதல்ல இருந்து நாத்து விடறது வேற. முதலாவதுல போனா நாலு மாச உழைப்பு போவும். ரெண்டாவதுல போனா உங்க அப்பன் வித்துக் குடுத்த அந்த அரை ஏக்கரும் போவும். அவன் என்கிட்ட சொல்லாம வித்தான், அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கினு கீறான், நீயும் அப்படியே நினைச்சுக்கோ.

புது மெஷினுக்கு மட்டும்தான் தரணும்னு எவனாவது கேட்டான்னா, மினிமம் கேரண்டி எவ்ளோன்னு கேளு. சினிமாக்காரன் கேக்கறதுதான், வெக்கப்படாத. அவன் தொகை சொன்னா, எத்தினி மாசம்னு கேளு. ராஜிக்காரங்க ரெண்டே மாசத்துல மத்த மெஷினுக்குப் போனாங்க, அதை அளவா வெச்சுக்கோ. தொகை சொல்லலன்னா, 'ரொம்ப சந்தோஷம், எங்க தாத்தாவைக் கேட்டுச் சொல்றேன்'னு இழு. எவ்ளோ நாள் வேணும்னாலும் இழுக்கலாம், நான் சீக்கிரத்துல பதில் சொல்ற ஆளு இல்ல. அவன் கடை காலியா இருக்கிற மாசத்துல அவனே ஃபோன் பண்ணுவான். அவன் கடை எப்போ காலியா இருக்கும்னு பாக்கறதுக்கு உனக்கு நான் தேவையில்ல. அவன் சொந்த ஆட்டம் எந்தெந்த மாசம் வருதுன்னு பட்டியல் போட்டு, நடுவுல பள்ளம் கீதான்னு பாரு. பள்ளத்துல எறங்கு. மரியோ வர்ற வாரத்துல எறங்கினா, அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது, உங்க ஆட்டத்துல அழறவன் ஒருத்தன் போதும்.

டெவ் கிட்டு வந்தா இங்க எடுத்துக்கினு வா. வெளியாளுக்குக் காட்டக் கூடாதுன்னு கையெழுத்து வாங்குவானாமே? நான் வெளியாளா நைனா?